இரண்டாவது துண்டின் அம்புக்குறி

ஜூலை 4

தலைமைப் பொறியாளர் அவர்களுக்கு,

குளிர் அறைப் பொறுப்பாளர் எழுதுவது. துருவ நிலையத்துக்கு வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை மட்டும்தான் கடிதம் போகும், அதுவும் எழுத்து மட்டும்தான், படம் போகாது என்று தகவல் அறையில் சொன்னார்கள். அதனால் நலம் விசாரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாம் நலம் விசாரித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னொரு வாரம் விசாரிக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இங்கே பழைய குளிர் அறையைக் காலி செய்து, பனியில் துளைபோட்டு உருவிய பனித்தண்டுகளைப் புதிய அறைக்கு மாற்றுகிறோம். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சரிபார்த்து, பட்டியல் போடுவது என் வேலை. போன வாரம் காற்றுமேட்டுப் பெட்டி வந்தது. பதினோரு வருடத்துக்கு முன், இப்போது உங்கள் நிலையம் நிற்கிற மேட்டில், நீங்கள் தலைவராகவும் நான் துளைக்கருவி ஓட்டுகிறவனாகவும் போய்த் துளைபோட்டு எடுத்தது. மொத்தம் பத்துத் துண்டு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். எந்த முனை மேல்முனை என்று ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டிருக்கும். அம்பு காட்டுகிற பக்கம் வானம், மறுபக்கம் ஆழம். முதல் நாளே நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

இரண்டாவது துண்டில் அம்பு தலைகீழாக இருக்கிறது.

அந்தத் துண்டில்தான் சர்க்கரைப் பனி அடுக்கு இருக்கிறது. தொட்டால் சர்க்கரை மாதிரி உதிர்கிற, பாரம் தாங்காத பனி. உங்கள் அட்டவணையில் அது ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சக்கரத்தின் பாரம் ஒன்றரை மீட்டருக்குக் கீழே எட்டாது, ஆகவே கவலையில்லை என்று எழுதி, அதே மேட்டில் ஓடுபாதை போட்டீர்கள். துண்டைத் திருப்பி வைத்துப் பார்த்தால் அந்த அடுக்கு ஒரு மீட்டர் இருபதில் வந்து நிற்கிறது. இதுவரை அங்கே சறுக்குக்கட்டை மாட்டிய சின்ன விமானங்கள்தான் இறங்கியிருக்கின்றன. அக்டோபர் 20ஆம் தேதி முதன்முறையாகச் சக்கரத்தோடு பெரிய விமானம் இறங்கப் போகிறது, இருபத்தாறு பேரோடு.

ஆவன செய்யவும்.

குளிர் அறைப் பொறுப்பாளர்


ஜூலை 11

தம்பிக்கு,

'அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'ஆவன செய்யவும்' என்று முடித்திருக்கிறாய். கூடவே ஒரு ரப்பர் முத்திரையும் குத்தியிருக்கலாமே. ரேடியோக்காரர் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது, "ஏதாவது ஆபீஸ் மெமோவா மேடம்?" என்று கேட்டார். கூடப்பிறந்தவன் எழுதியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது எட்டிப் பார்க்காதவன். அம்மாவைப் பார்க்க நான் வீட்டுக்கு வந்தால், சரியாக அன்றைக்குப் பார்த்து வெளியே வேலை வைத்துக்கொள்கிறவன். நான் ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது, உன் அட்டவணை தப்பு என்று எழுதுகிறான். யாருக்குடா காது குத்துகிறாய்?

முப்பத்தொரு வருடம் பனியைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. மீன் பதப்படுத்தும் கிடங்கில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, ஐஸ் கட்டியை அழுத்தி, எந்தப் பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்த்து ஆரம்பித்தவள் நான். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள், அவ்வளவு நாற்றம். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த நீ, மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பாய். அங்கிருந்து ஆரம்பித்து, பனியின் மேல் எதைக் கட்டலாம், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஒரு அட்டவணை போட்டேன். அதை வைத்துத்தான் இன்றைக்கு நாலு நிலையம் நிற்கிறது. பாலிடெக்னிக்கில் இரண்டு அரியரை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்துக்கிடந்த உன்னைத் துளைக்கருவி மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதும் நான்தான். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

அம்புக்குறி பற்றி ஒரே வார்த்தை. தண்டைக் கருவியிலிருந்து உருவுகிறவன்தான் அம்பு போட வேண்டும். அது விதி. உருவியது நீ. அது தலைகீழாக இருந்தால் உன் கையைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை.

அக்கா


ஜூலை 18

அக்கா,

மரியாதை கொடுத்தால் உனக்குப் பிடிக்கவில்லை. சரி, பழையபடியே எழுதுகிறேன்.

என் கையைக் கேட்டுவிட்டேன். நான் எப்போதும் சிவப்பு மெழுகுப் பென்சில்தான் வைத்திருப்பேன், கையுறைக்குள்ளே சொருகியபடி. ஒன்பது துண்டில் சிவப்பு அம்பு. இரண்டாவது துண்டில் கறுப்பு. கறுப்புப் பென்சில் அந்த முகாமில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. குழாயின் மேல் '11.40' என்று நேரமும் எழுதியிருக்கிறது, உன்னுடைய அந்தக் கோணல் நாலோடு. அன்றைக்கு முற்பகலில் நீ எங்கேயோ போய்விட்டு வந்து, "தா, இதை நான் உருவுறேன், நீ கருவியைப் பாரு"ன்னு என் கையிலிருந்து பிடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நீ ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

பென்சிலை விடு. பனியே சொல்கிறது. சர்க்கரைப் பனியின் ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிக் கிண்ணம். ஆழத்திலிருந்து ஏறி வருகிற ஆவியைக் குடித்துத்தான் அது வளர்கிறது, அதனால் வாய் எப்போதும் கீழே பார்த்திருக்கும். இதையும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். "பனியில கிண்ணம் எப்பவும் கவுந்துதாண்டா இருக்கும், நிமிர்ந்திருந்தா நீ தலைகீழா நிக்கிறேன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தாய். இரண்டாவது துண்டிலிருந்து மூன்று சீவல் எடுத்து லென்ஸில் பார்த்தேன். அத்தனை கிண்ணமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. அப்படியென்றால் யார் தலைகீழாக நிற்கிறார்கள்?

அந்த நாள் எனக்கு மறக்காது. அன்றும் மறுநாளும் நான் பாட்டுப் பாடிக்கொண்டே கருவி ஓட்டினேன். வேலை நன்றாக நடக்கிறது, அக்கா திட்டவில்லை என்று சந்தோஷம். அப்பா செத்துப்போயிருந்தார். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பாடவிட்டு வேடிக்கை பார்த்தாயே, அதற்கு எந்த அட்டவணையில் இடம் வைத்திருக்கிறாய்?

தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

எதிர்பார்த்தேன். பனியில் ஆரம்பித்து அப்பாவில் வந்து நிற்பாய் என்று தெரியும்.

நூறாவது முறையாகச் சொல்கிறேன். செய்தி அன்றைக்குச் சாயங்காலத் தொடர்பில்தான் வந்தது. அப்போது இங்கே நிலையம் கிடையாது, முகாமிலிருந்து நம்மைக் கூட்டிப்போகக் கரையிலிருந்து டிராக்டர் வர ஒன்பது நாள் ஆகும். அங்கிருந்து விமானம், கப்பல், இன்னும் மூன்று வாரம். நீ தலைகீழாக நின்றிருந்தாலும் அப்பா முகத்தைப் பார்த்திருக்க முடியாது. உன்னிடம் சொன்னால் அந்த நிமிடமே கருவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாய், பாதித் துளையில் கருவி உறைந்து போகும், ஒரு கோடைப்பருவமே வீணாகும். அதனால் துளை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குப் பதினோரு வருடம் தண்டனை கொடுத்துவிட்டாய். இன்னும் பசி அடங்கவில்லையா?

நீ செய்ததைச் சொல்லவா? மூன்று துளை போடுவது என்று திட்டம். அந்த முகாமின் சமையல்காரர் அப்பா விஷயத்தை வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றதும், என் மூஞ்சியில் அடித்த மாதிரி சுத்தியலைப் போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போனவன், டிராக்டர் வரும்வரைக்கும் வெளியே வரவில்லை. கருவி ஓட்ட வேறு ஆள் கிடையாது. மூன்று துளை போட்டிருந்தால் ஒரு துண்டு தலைகீழா நேரா என்று மற்ற இரண்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரே துளையை வைத்துக்கொண்டு நான் அட்டவணை போட்டதற்குக் காரணம் யார்?

கிண்ணம் நிமிர்ந்திருக்கிறதாம். நாலு வருடத்துக்கு முன் அங்கே குளிர்சாதனம் பழுதாகி இரண்டு நாள் சூடேறியது எனக்குத் தெரியும். சூடேறினால் மணிகள் உருமாறும். உன் பொறுப்பில் கெட்டுப்போன பனியை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்கா,

பழுதானது மூன்றாம் நம்பர் அறை. காற்றுமேட்டுப் பெட்டி இருந்தது ஒன்றாம் நம்பர் அறை. பூசி மெழுகுவதானாலும் கொஞ்சம் விசாரித்துவிட்டு மெழுகு. சூட்டில் உருமாறுகிற கிண்ணம் உடையும், மழுங்கும். எழுந்து திரும்பி உட்காராது.

நான் ஓடிப்போனேன் என்கிறாய். சரி, ஓடினேன். ஆனால் ஒரே துளையை வைத்துக்கொண்டு மூன்று துளை போட்ட மாதிரி கட்டுரை எழுதியது நான் இல்லை. 'மேலும் இரண்டு துளைகள் தேவை' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பேர் கிடைத்திருக்காது. அந்தக் கட்டுரையில் என் பேர் எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசிப் பக்கத்தில், 'துளையிட உதவியவருக்கு நன்றி' என்று. பேர்கூட இல்லை, உதவியவர். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவரோடு சேர்த்து ஒரே வரியில் நன்றி. என் பெண்டாட்டி அதைப் படித்துவிட்டு, "உங்கக்கா டீசலுக்கும் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம், பாவம், அதுவும்தானே எரிஞ்சுது" என்றாள்.

இனிமேல் சண்டை போட நேரம் இல்லை. செப்டம்பர் 30 வரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீயே ஓடுபாதையைத் தோண்டிப் பார்த்து, உண்மையை இயக்குநருக்கு எழுது. இல்லையென்றால் நான் எழுதுவேன். சீவல், பென்சில், நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு இத்தனை நாள் கொடுக்கிறேன் என்று நினைக்காதே. நீ உன் வாயால் 'தப்பு' என்று சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

மிரட்டுகிறாயா? தாராளமாக எழுது. இயக்குநர் என்னிடம் பாடம் படித்தவர். குளிர் அறையில் தட்டு அடுக்குகிறவன் சொல்வதைக் கேட்டு அவர் விமானத்தை நிறுத்துவாரா, நானும் பார்க்கிறேன்.

ஓடுபாதையைத் தோண்டச் சொல்கிறாய். மேல் ஒரு மீட்டரை அரைத்து, உருளை ஓட்டி, இரண்டு குளிர்காலம் உறையவிட்டுக் கெட்டியாக்கிய பாதை அது. அதில் ஒரு ஆணி அடித்தாலும் விரிசல் ஓடும் என்று, 'ஓடுபாதையில் யாரும் எக்காரணம் கொண்டும் துளையிடக் கூடாது' என்று விதி எழுதி வைத்தவள் நான். கீழே என் கையெழுத்து. இங்கே இருக்கிற பன்னிரண்டு பேரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள். நானே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள்?

உனக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், கேலி பேச. மகள் இருக்கிறாள். அம்மா உன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு என்ன இருக்கிறது சொல். ஐம்பத்தெட்டு வயது, வளையாத முதுகு, குளிரில் போன இரண்டு விரல் நுனி, பிறகு அந்த அட்டவணை. அக்டோபர் 20 விமானம் என்னைக் கூட்டிப்போக வருகிற விமானம்டா. என் பாதையில் இறங்கி, என்னை ஏற்றிக்கொண்டு எழும்ப வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடைசிக் குளிர்காலத்தை, வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும், கேட்டு வாங்கினேன். அதையும் பிடுங்கவா வந்தாய்? வயிற்றெரிச்சல் பிடித்தவனே.

போன வாரம் சூரியன் மறுபடி தலைகாட்டியது, கால் மணி நேரம். எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் போகவில்லை. உன் கடிதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

அம்மாவுக்கு நேற்று முன்தினம் காலை பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. குளியலறை வாசலில் நின்றபடியே சரிந்தாள், என் பெண்டாட்டி தாங்கிப் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். உயிருக்கு உடனே ஆபத்து இல்லை, ஆனால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். பேச்சு குழறுகிறது. ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வருகிறது. "பெரியவ வந்துட்டாளா?"

உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி நேரம் நடந்தேன். நீ அங்கே இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும், எதற்குச் சொல்ல வேண்டும், விமானம் ஏறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது, நீ சொன்ன அதே நியாயத்தை வரி மாறாமல் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். உன்னை மாதிரி ஆகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், பாசத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இயக்குநருக்கு எழுதிய கடிதம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. 30ஆம் தேதி கொடுப்பேன் என்று எழுதினேன். இப்போது கை வரவில்லை. சின்ன விமானங்களை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள், பாதையை மூடினால் நீ ஜனவரிக் கப்பலுக்குக் காத்திருந்து, மார்ச்சில்தான் வீடு வருவாய். அம்மாவுக்கு மார்ச் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மூடாவிட்டால் இருபத்தாறு பேர். நேற்று முழுக்க, என் கண்ணில்தான் கோளாறோ, கிண்ணம் கவிழ்ந்துதான் இருக்கிறதோ என்று போய்ப் போய்ப் பார்த்தேன். அது நிமிர்ந்தேதான் இருக்கிறது சனியன்.

நீ தோண்டிப் பார். ஒரு மீட்டர் இருபதில் ஒன்றும் இல்லை என்று எழுதினால், சரி என்று நம்பிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். நீ எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவன் நான். என் கேடுகாலமே அதுதான்.

தம்பி


செப்டம்பர் 26

தம்பிக்கு,

போன வியாழன் எழுதவில்லை. தோண்டிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியதைச் சொல்கிறேன், நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. தோண்டாமலே எழுதிவிடலாம். நீ நம்பிவிடுவாய், விமானம் வந்துவிடும், நான் அம்மாவிடம் போய்விடுவேன். பென்சிலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வண்டி மெக்கானிக்கையும் சமையல்காரரையும் கூப்பிட்டு, "ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக்கிட்டு என்கூட வாங்க"ன்னு சொன்னேன். பலகையைத் தாண்டும்போது மெக்கானிக் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மேடம், உங்க கையெழுத்து" என்றார். "தெரியும்யா, நட" என்றேன்.

மேல் ஒரு மீட்டர் கல். சங்கிலி ரம்பம் வைத்து அறுத்தோம், கட்டி கட்டியாகத் தூக்கிப் போட்டோம். அவ்வளவு நல்ல வேலைடா அது, எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு மீட்டர் ஐந்து, ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் பத்து, ஒன்றுமில்லை. சமையல்காரர், "டீ குடிச்சிட்டு வரலாமே" என்றார். ஒரு மீட்டர் பன்னிரண்டில் என் மண்வெட்டி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தேன். குழியின் சுவரிலிருந்து சர்க்கரை மூட்டை பிரிந்த மாதிரி கொட்ட ஆரம்பித்தது, என் பூட்ஸ் மூடுகிற வரைக்கும் நிற்கவில்லை. நீ சொன்னது ஒரு மீட்டர் இருபது. உருளை ஓட்டியதில் மேல்பனி எட்டு சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறது, அந்த எட்டுதான் வித்தியாசம். லென்ஸை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். அத்தனை கிண்ணமும் கவிழ்ந்து இருந்தது, இருக்க வேண்டிய மாதிரி.

ஒரு குழி போதாது என்று பாதையின் நடுவிலும் கோடியிலும் இன்னும் இரண்டு போட்டோம். அங்கேயும் அதேதான். கணக்குப் போட்டேன். விமானம் இறங்கி, வேகம் குறைந்து, முழுப் பாரமும் சக்கரத்தில் உட்காரும்போது முன்சக்கரம் உள்ளே போயிருக்கும். மிச்சத்தை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

பாதையை மூடியாயிற்று. இயக்குநருக்கும் விமானத்துறைக்கும் இந்தக் கடிதத்துக்கு முன்பே அவசரச் செய்தியாக அனுப்பிவிட்டேன். 'அட்டவணையில் காற்றுமேட்டுப் பகுதி தவறு, தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று. கேட்க ஆசைப்பட்டாயே, கேட்டுக்கொள். அந்த அறிவிப்பில் தவறைக் கண்டுபிடித்தவர் என்று உன் பேரையும் போட வேண்டும், சம்மதம் எழுது.

ஒரு விஷயம் பாக்கி. பழைய முகாமின் ரேடியோப் பதிவேடுகள் இங்கே அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துப் பார்க்காமல் பதினோரு வருடம் இருந்தேன், இந்த வாரம் எடுத்தேன். அப்பா பற்றிய செய்தி எதிரே '11.10' என்று இருக்கிறது, காலை. சாயங்காலம் என்று உன்னிடம் சொன்னது பொய். மறைத்தது ஒரு நாள் என்றால் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று சொன்ன பொய். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். செய்தியைக் கேட்டுவிட்டு ரேடியோக் கூடாரத்திலிருந்து நேராக உன்னிடம்தான் வந்தேன், சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீ பாடிக்கொண்டிருந்தாய். என் முகத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்று, உன்னைத் திருப்பி நிறுத்திவிட்டு அந்தத் துண்டை நான் வாங்கினேன். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர், இமை ஒட்டி உறைந்துபோயிருந்தது. ஏதோ ஒரு பக்கம் அம்பு போட்டேன். 11.40.

உன்னை இரக்கப்பட வைக்க இதை எழுதவில்லை. பதிவேட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் நான் வரமாட்டேன் என்று நீயே சொல். நல்லபடியாகப் பொய் ஏதும் சொல்லாதே, உண்மையைச் சொல்.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

கட்டுரை புகழோடு இருந்த பதினோரு வருடமும் என் பேர் வேண்டியிருக்கவில்லை. வாபஸ் வாங்கும்போது மட்டும் பங்காளி வேண்டுமாக்கும். நல்ல கதை. போடாதே. உன் மானத்தை நீயே தனியாக வாங்கிக்கொள்.

அம்மாவிடம் சொன்னேன். பாதை உடைஞ்சுடும், அதனால அக்காவே மூடிட்டா, மார்ச்லதான் வருவா என்று. புரிந்ததா தெரியவில்லை. குழறிக் குழறி, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்குச் சுரீரென்று வந்தது. தட்டு அடுக்குகிறவன் மூன்று மாதமாகக் கத்தியதற்கு இந்த வீட்டில் ஒரு மரியாதை கிடையாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ அழுதாய் என்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். அதற்கு ஏன் என்னைத் திருப்பி நிறுத்தினாய்? இரண்டு பேரும் அழுதிருப்போம். கருவி உறைந்தால் உறைந்துவிட்டுப் போகட்டுமே.

இயக்குநர் கூப்பிட்டு விட்டார். புதுப் பாதை போட வேறு மேடு தேடச் சொல்லியிருக்கிறாயாம், அதற்குத் துளை எத்தனை என்று கேட்டார். ஒரு மேட்டுக்கு மூன்று, ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். காற்றுமேட்டிலும் இரண்டு பாக்கி இருக்கிறது. அந்த இரண்டையும் போடாமல் ஓடியவன் நான்தான், அதை இல்லையென்று சொல்லவில்லை. அவற்றைப் போட்டுத் துண்டுகளை அனுப்பு. புதிதாக எழுதுகிற கட்டுரையில் வேண்டுமானால் என் பேரைப் போடு, டீசலுக்கு முன்னால்.

தம்பி


அக்டோபர் 24

தம்பிக்கு,

விமானம் வரவேண்டிய நாள் போய் நாலு நாள் ஆகிறது. அன்றைக்கு வானம் துடைத்த மாதிரி இருந்தது, காற்றே இல்லை. பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் சாப்பிட்டோம். இன்னும் மூன்று மாதம் என்னோடு இங்கே மாட்டிக்கொண்டவர்கள், ஒருத்தராவது முகம் சுளித்திருக்கலாம். சுளிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காற்றுமேட்டில் இரண்டாவது துளையை ஆரம்பித்தேன். கருவியை மெக்கானிக் ஓட்டுகிறார். உன் அளவுக்கு வராது, மூன்று நாளில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது, ஆனால் பாடாமல் ஓட்டுகிறார், அது ஒரு நிம்மதி. துண்டுகளை நான்தான் உருவுகிறேன். சிவப்புப் பென்சில் இங்கே இல்லை, கறுப்பில்தான் அம்பு போடுகிறேன். பக்கத்திலேயே 'மேல்' என்று எழுத்திலும் எழுதி, சமையல்காரரைக் கூப்பிட்டு, "இது மேலா, சொல்லுய்யா"ன்னு கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் குழாயில் போடுகிறேன். எனக்குப் பைத்தியம் என்று அடுப்படியில் பேச்சு.

போன கடிதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. கோபத்தில் எழுதவில்லையா, வேறு எதனாலா என்று தெரியாமல் இந்த மூன்று வாரமும் எப்படிப் போயிற்று என்பது எனக்குத்தான் தெரியும். அன்று முகாமில் நான் உனக்குச் செய்யாததை இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன், கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதே. அவசரச் செய்தி என்றால் எந்த நாளும் ரேடியோவில் அனுப்பலாம், தகவல் அறையில் கேள். ரேடியோக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் துளையில் இருப்பேன். பாதியில் இருப்பேன், கருவி உள்ளே இருக்கும். துளை முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே.

அக்கா